எரிவாயுவில் மின்சாரம் பெருக்குவது எப்படி: கானாவிடம் கற்க வேண்டிய வரிசை

ஒரு வளரும் நாட்டின் கடலில் எரிவாயு கிடைத்திருக்கிறது என்று செய்தி வந்தால், பின்னாலேயே புது மின்நிலையத்துக்கான அறிவிப்பும் வந்துவிடும். கிணறு தோண்டுவோம், குழாய் போடுவோம், மின்நிலையம் கட்டுவோம், லைன் இழுப்போம், வீட்டுக்கு வீடு மின்சாரம் போகும் என்று அந்த வரிசையிலேயே திட்டமும் போடுவார்கள். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரான வரிசை. வீட்டு மீட்டரில் தொடங்குங்கள், அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் நடந்து வாருங்கள், கிணற்றை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மின்துறையில் வேலை செய்பவர்கள், படிப்பவர்கள், ஓர் அமைச்சரின் அறிவிப்பைக் கேட்டு இது நடக்குமா என்று யோசிப்பவர்கள், எல்லாருக்கும் இதே வரிசைதான் உதவும்.

இதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வோல்டா ஆற்றின் குறுக்கே 1965-இல் கட்டி முடித்த அகோசோம்போ அணையை நம்பித்தான் அந்த நாட்டு மின்சாரம் நீண்ட காலம் ஓடியது. 1983-84 வறட்சியில் அது படுத்தது, 1998-இலும் 2006-07-லும் மறுபடி. அதனால் 1990-களின் கடைசியிலேயே மேற்குக் கடற்கரை நகரமான தகோராடி பக்கம் அபோவாட்சேயில் அனல் மின்நிலையம் கட்டினார்கள், நைஜீரியாவிலிருந்து எரிவாயு வரும், அதுவரை கச்சா எண்ணெயில் ஓட்டலாம் என்ற கணக்கில். 2007-இல் சொந்தக் கடலிலேயே ஜூபிலி எண்ணெய் வயல் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் 2012 முதல் 2016 வரை நாடு முழுக்க முறைவைத்து மின்வெட்டு. அதற்கு மூன்றே வருடம் கழித்து, 2019-இல், வேண்டியதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்நிலையங்களைக் கட்டி வைத்துவிட்டு, ஓடாத இயந்திரங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பற்றாக்குறையும் மிதமிஞ்சிய கொள்ளளவும் ஒரே பத்தாண்டுக்குள். இரண்டுக்கும் காரணம் வரிசை தவறியதுதான்.

முதலில் வசூல்

மின்நிலையத்தில் 100 யூனிட் உற்பத்தியாகிறது என்று வைத்துக்கொள்வோம். கானாவில் விநியோகம் செய்யும் அரசு நிறுவனம் தான் வாங்கும் மின்சாரத்தில் சுமார் கால் பங்கை வழியிலேயே இழக்கிறது. பழைய கம்பிகளில் போவது கொஞ்சம், கொக்கி போட்டு எடுப்பதும் மீட்டரைத் திருத்துவதும் மீதி. ஆக 75 யூனிட்டுக்குத்தான் பில். அந்தப் பில்லில் பத்தில் ஒரு பங்கு வசூலாகவில்லை என்று வைத்தால், கைக்குப் பணம் வருவது 67.5 யூனிட்டுக்கு. ஆனால் எரிவாயு எரிந்தது 100 யூனிட்டுக்கு.

இப்போது எரிபொருள் செலவைப் பாருங்கள். எரிவாயுவை விற்கப் பயன்படும் வெப்ப அளவான எம்எம்பிடியூ ஒன்றுக்கு 8 டாலர் என்று கொண்டால், நல்ல கம்பைன்ட் சைக்கிள் நிலையத்தில் (புகையின் சூட்டையும் மின்சாரமாக்கும் வகை, பின்னால் விளக்குகிறேன்) ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் மட்டும் சுமார் 5.5 சென்ட். மேலே சொன்ன இழப்பைச் சேர்த்தால், பில் கட்டுகிறவர் சுமக்க வேண்டியது 8 சென்ட்டுக்கும் மேல். இதில் மின்நிலையம் கட்டிய கடன் இல்லை, லைன் செலவு இல்லை, சம்பளம் இல்லை. இந்தக் கணக்கைப் போடாமல் "எரிவாயு மலிவு" என்று யார் சொன்னாலும் பாதிதான் சொல்கிறார்கள்.

எனவே மின்நிலையத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை: ஒவ்வொரு ஃபீடருக்கும் (துணைமின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குப் போகும் லைன்), ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் மீட்டர் வைத்து இழப்பு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது, ப்ரீபெய்டு மீட்டர் மாட்டுவது, எல்லாவற்றையும் விட முக்கியமாக அரசு அலுவலகங்களின் பாக்கியை பட்ஜெட்டிலேயே பிடித்துக் கட்டச் செய்வது. இதில் ரிப்பன் வெட்டும் விழா எதுவும் கிடையாது, அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் இழப்பில் பத்து சதவீதம் குறைத்தால், புதிதாக ஒரு மின்நிலையம் கட்டாமலேயே அந்த அளவு மின்சாரத்துக்குக் காசு கைக்கு வரும்.

வசூலான பணம் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதையும் எழுதி வைத்தாக வேண்டும். விநியோக நிறுவனம் தன் செலவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மின்நிலையத்துக்குக் கொடுத்து, அவர்கள் மிச்சத்தை எரிவாயு தருபவருக்குக் கொடுத்தால் சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்கு எதுவும் போய்ச் சேராது. கானாவில் இதுதான் நடந்தது. பாக்கி ஏறியதும் நைஜீரியப் பக்கத்து விற்பனையாளர்கள் எரிவாயுவைக் குறைத்தார்கள், மின்நிலையம் நின்றது, மின்வெட்டு வந்தது, ஊரில் எல்லாரும் மின்நிலையத்தைத் திட்டினார்கள். பிறகு 2020-இல்தான், வசூலாகும் பணத்தை விகிதப்படி எல்லாருக்கும் பங்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதை முதல் நாளிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எரிவாயுவின் விலை டாலரில், மின்கட்டணம் உள்ளூர்ப் பணத்தில். கட்டணத்தை வருடக்கணக்கில் தொடாமல் வைத்திருந்துவிட்டு ஒரே அடியாக ஏற்றினால் மக்கள் தாங்க மாட்டார்கள். 2022-இல் கானாவின் ஒழுங்குமுறை ஆணையம் மின்கட்டணத்தை ஒரேயடியாக 27.15% ஏற்றியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் திருத்துவதும், ஏழை வீடுகளின் முதல் சில யூனிட்டுகளுக்குத் தனி விலை வைப்பதும் இதைவிட நேர்மையான வழி.

எவ்வளவு தேவை என்று எண்ணுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் கானாவுக்கு மிகவும் வலித்த இடம் இதுதான். மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வந்த ஒப்பந்தங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு அதிகாரியும் "இது ஒன்று வந்தால் போதும்" என்று நினைத்திருப்பார், எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 2019-இல் நிறுவிய கொள்ளளவு 5,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்க, உச்சத் தேவை 2,800 மெகாவாட் அளவில்தான் நின்றது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் தர வேண்டிய ஒப்பந்தத்தில் மட்டும் 2,300 மெகாவாட் சிக்கியிருந்தது. பயன்படுத்தாத மின்சாரத்துக்கு வருடம் 50 கோடி டாலருக்கும் மேல் போகிறது என்று நிதியமைச்சரே அந்த ஆண்டின் இடைக்கால பட்ஜெட்டில் சொன்னார்.

ஆகவே ஒரு எளிய அட்டவணை போடுங்கள். கையெழுத்தான ஒவ்வொரு ஒப்பந்தமும் எந்த ஆண்டு எந்த மாதம் மின்சாரம் தரத் தொடங்கும், எவ்வளவு தரும், எத்தனை ஆண்டு கட்டிப்போடும் என்று ஒரே தாளில் எழுதி, ஒரே ஓர் அலுவலகம் அதை வைத்திருக்க வேண்டும். உச்சத் தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ கையிருப்பு இருந்தால் போதும். அதைத் தாண்டும் ஒப்பந்தம் எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் வேண்டாம். அவசரம் என்றால் வாடகைக்கு எடுங்கள். கானாவுக்கு 2015-இன் கடைசியில் துருக்கியிலிருந்து மிதக்கும் மின்நிலையக் கப்பல் வந்தது, சில மாதங்களிலேயே மின்சாரம் கொடுத்தது. அந்த வேகம் நிஜமாகவே நாட்டுக்கு உதவியது. ஆனால் அவசரத்துக்கு வந்தது பல வருடம் தங்குகிற ஒப்பந்தத்தோடு வந்தது. வாடகை என்றால் இரண்டு மூன்று வருடம், நீட்டிப்பது நம் விருப்பம், அவ்வளவோடு நிறுத்துங்கள்.

எந்த இயந்திரம்

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் இதில் போடும் தவறு இருபத்தைந்து வருடம் கூடவே வரும்.

எரிவாயு டர்பைனைத் தனியாக ஓட்டினால் எரிபொருளில் உள்ள சக்தியில் 35% அளவுதான் மின்சாரமாகும், மீதி சூடான புகையாகப் புகைபோக்கி வழியே போய்விடும். அந்தப் புகையின் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இன்னொரு நீராவி டர்பைனையும் சுற்றினால், அதுதான் கம்பைன்ட் சைக்கிள், 50 முதல் 60% வரை எட்டலாம். கையடக்கமான கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: நாளொன்றுக்கு 10 கோடி கன அடி எரிவாயு கிடைத்தால், 35% இயந்திரத்தில் 400 மெகாவாட்டுக்குச் சற்று மேல், 50% இயந்திரத்தில் 600 மெகாவாட்டுக்குச் சற்று மேல், நாள் முழுக்க ஓட்டலாம். அதே எரிவாயுவுக்கு 200 மெகாவாட் வித்தியாசம்.

அப்படியென்றால் எல்லாமே கம்பைன்ட் சைக்கிளாக இருக்கட்டும் என்று சொல்லிவிட முடியாது. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மட்டும் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு அந்தக் கூடுதல் முதலீடு வீண், நீராவிப் பகுதி சூடேற நேரமும் எடுக்கும். நாள் முழுக்க ஓடுவதற்குக் கம்பைன்ட் சைக்கிள், உச்ச நேரத்துக்குத் தனி டர்பைன் என்று பிரியுங்கள். பணம் குறைவாக இருந்தால் முதலில் டர்பைனை மட்டும் நிறுவி, இடத்தையும் தண்ணீர் வசதியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பின்னால் நீராவிப் பகுதியைச் சேர்க்கலாம். அபோவாட்சேயில் இரண்டாவது நிலையத்தை அப்படித்தான் 220 மெகாவாட்டிலிருந்து 330 அளவுக்கு உயர்த்தினார்கள், கூடுதல் எரிபொருள் இல்லாமலேயே.

வெப்பநிலையை மறக்க வேண்டாம். டர்பைனின் பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது 15 டிகிரி செல்சியஸ் காற்றுக்கான எண். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அரை சதவீதத்துக்கும் மேல் உற்பத்தி குறையும். 32 டிகிரி வெயிலில், 300 மெகாவாட் என்று வாங்கிய இயந்திரம் 270 பக்கம்தான் தரும். ஒப்பந்தத்தில் "தள வெப்பநிலையில் எவ்வளவு" என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு எரிபொருளிலும் ஓடும் இயந்திரம் வேண்டுமா என்று கேட்டால், குழாய் ஒன்றே ஒன்று இருக்கும் நாட்டில் கட்டாயம் வேண்டும். கானா எரிவாயு நின்றபோதெல்லாம் கச்சா எண்ணெயிலும் டீசலிலும் ஓட்டித்தான் தப்பித்தது. ஆனால் மாற்று எரிபொருள் மாற்றாகவே இருக்க வேண்டும். இலங்கையின் கெரவலப்பிட்டியவில் 300 மெகாவாட் கம்பைன்ட் சைக்கிள் நிலையம் 2010-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. எரிவாயு வரும் என்ற எண்ணத்தில் கட்டிய அந்த நிலையம் அதன் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக எண்ணெயிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எரிவாயு வரும் தேதி ஒப்பந்தமாக எழுதப்படாமல் நிலையத்தை மட்டும் கட்டினால் இதுதான் கதி.

குழாய்

கானாவின் எரிவாயு மேற்குக் கடலில் இருக்கிறது. மின்சாரம் அதிகம் தேவைப்படுவதோ கிழக்கே, தலைநகர் அக்ராவிலும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் இருக்கும் தெமாவிலும். இந்த ஒரு வரியைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தால் பல கோடி டாலர் மிச்சமாகியிருக்கும்.

நைஜீரியாவிலிருந்து பெனின், டோகோ வழியாகக் கடலுக்கடியில் தகோராடி வரை வரும் மேற்கு ஆப்பிரிக்க எரிவாயுக் குழாயின் நீளம் 678 கி.மீ. 2012 ஆகஸ்டில் டோகோ கடலில் ஒரு கப்பலின் நங்கூரம் அந்தக் குழாயைக் கிழித்தது. சரிசெய்து மறுபடி எரிவாயு ஓட ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. நாடு முழுக்க இருள் சூழ்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

இதே நேரத்தில் ஜூபிலி வயலில் 2010 கடைசியிலிருந்தே எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயோடு வந்த எரிவாயுவைக் கரைக்குக் கொண்டுவரக் குழாயும் சுத்திகரிப்பு ஆலையும் தயாராகவில்லை, அதனால் அதைத் திரும்பவும் பூமிக்குள்ளேயே செலுத்தினார்கள். ஒரு பக்கம் மக்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் அதே நாட்டின் எரிவாயு கடலுக்கடியில் அழுத்தி அனுப்பப்படுகிறது. சீனக் கடனில் கட்டிய அடுவாபோ ஆலை 2014 கடைசியில்தான் ஓடத் தொடங்கியது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 15 கோடி கன அடி, அங்கிருந்து அபோவாட்சேவுக்கு நிலத்தில் சுமார் 110 கி.மீ. குழாய். நான்கு வருடத் தாமதம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது புவியியல் கொடுத்த துன்பமில்லை, ஆலைக்கான பணத்தை எண்ணெய்க் கிணற்றுக்கான பணத்தோடு சேர்த்தே ஒதுக்கியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது.

சுத்திகரிப்பு ஆலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கிணற்றிலிருந்து வருவதை அப்படியே டர்பைனுக்குள் விட முடியாது. அதிலுள்ள நீரையும், கன்டன்சேட் எனும் லேசான எண்ணெயையும், புரோப்பேன் பியூட்டேனையும் பிரிக்க வேண்டும். பிரித்த புரோப்பேனும் பியூட்டேனும் சமையல் சிலிண்டருக்குப் போகும், அதற்குத் தனி விலை கிடைக்கும். இந்த வருமானத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்தால் ஆலையின் செலவு அவ்வளவு பயமுறுத்தாது.

மேற்கிலிருந்து கிழக்குக்கு எரிவாயு கொண்டுபோகக் கானா கடைசியில் நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. புதுக் குழாய் போடாமல், நைஜீரியக் குழாயின் தகோராடி-தெமா பகுதியிலேயே எதிர்த்திசையில் எரிவாயுவை ஓடவிட்டார்கள். 2019-இல் அது நிறைவேறியது. அதே ஆண்டு மின்நிலையக் கப்பலையும் தெமாவிலிருந்து மேற்கே செகோண்டிக்கு நகர்த்தி, எண்ணெயிலிருந்து உள்நாட்டு எரிவாயுவுக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே இருக்கும் குழாயை வேறு விதமாகப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள், புதுக் குழாய் அப்புறம்.

கிணறும் ஒப்பந்தமும்

எரிவாயு இரண்டு வகையாக வரும். எண்ணெயோடு சேர்ந்து வருவது ஒன்று, தனியாக எரிவாயு வயலிலிருந்து வருவது இன்னொன்று. எண்ணெயோடு வருவது பெரும்பாலும் மலிவு, ஆனால் அதன் வேகத்தை எண்ணெய்தான் தீர்மானிக்கும். 2016-இல் ஜூபிலி வயலில் கடலில் நின்றபடி எண்ணெய் எடுக்கும் உற்பத்திக் கப்பலில், கப்பலை நங்கூரத்தோடு இணைக்கும் சுழல் தாங்கி பழுதாகி வேலை நின்றபோது எரிவாயுவும் சேர்ந்து நின்றது, கரையில் மின்நிலையங்கள் எண்ணெயைத் தேடி ஓடின. நாள் முழுக்க ஓடும் நிலையத்தை இந்த வகையை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

தனி எரிவாயு வயல் நிதானமானது, ஆனால் விலை கூடுதல், ஒப்பந்தமும் கடினமானது. கானாவின் சான்கோஃபா வயலுக்கு இத்தாலியின் எனி நிறுவனமும் விட்டோல் நிறுவனமும் முதலீடு செய்யத் தயங்கியபோது, உலக வங்கி 2015-இல் 70 கோடி டாலருக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2018-இல் எரிவாயு வந்தது. நாளொன்றுக்கு சுமார் 18 கோடி கன அடி, அதில் 90% எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கொடுக்க வேண்டும்.

இதன் பொருளை எண்ணில் பாருங்கள். 90% என்றால் சுமார் 16 கோடி கன அடி. கிழக்கே போகும் வழி தயாராகாமல் 10 கோடிதான் எரிக்க முடிகிறது என்று வைத்துக்கொண்டால், 6 கோடி கன அடிக்குச் சும்மா பணம். எம்எம்பிடியூ 8 டாலர் என்றால் தினமும் சுமார் 5 லட்சம் டாலர். 2019-இல் கானா அரசே சொன்ன கணக்குப்படி, 2023-க்குள் நாளொன்றுக்கு 75 கோடி கன அடிக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அன்றைய தேவை 25 கோடிதான்.

முதலீட்டாளரும் கடன் வாங்கித்தான் கிணறு தோண்டுகிறார், ஏதோ ஓர் உறுதி அவருக்கு வேண்டும், அதில் தவறில்லை. நீங்கள் பேரம் பேச வேண்டியவை வேறு: முதல் வருடம் 50%, அப்புறம் படிப்படியாக ஏறட்டும். இன்று பணம் கட்டி எடுக்காத எரிவாயுவைப் பின் வருடங்களில் இலவசமாக எடுத்துக்கொள்ளும் உரிமை தெளிவாக இருக்கட்டும். குழாயோ மின்நிலையமோ தாமதமானால் கட்டாயப் பணம் தொடங்கும் தேதியும் தள்ளிப்போகட்டும். கிணறு, குழாய், நிலையம் மூன்று ஒப்பந்தங்களும் ஒரே தேதியைச் சுட்ட வேண்டும்.

கப்பலில் வரும் எரிவாயு

சொந்த எரிவாயு இல்லாத நாடுகளுக்குத் திரவமாக்கிய எரிவாயுவை இறக்குமதி செய்யலாம். அந்தத் திரவத்தைக் கடலிலேயே மறுபடி வாயுவாக்கும் மிதக்கும் முனையம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் இரண்டு மூன்று வருடத்தில் வேலை முடியும். ஆனால் பங்களாதேஷைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 2018-இல் அந்நாட்டின் மகேஷ்காளி தீவுப் பக்கம் முதல் முனையம், அடுத்த ஆண்டு பக்கத்திலேயே இரண்டாவது. 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் உலகச் சந்தை விலை தாறுமாறாக ஏறியதும், அன்றாடச் சந்தையில் வாங்குவதையே ஜூலையில் நிறுத்தினார்கள். நாட்டில் மின்வெட்டு. 2023 மே மாதம் மோக்கா புயல் வந்தபோது இரண்டு முனையங்களும் ஒரே இடத்தில் இருந்ததால் இரண்டுமே ஒன்றாக நின்றன.

எம்எம்பிடியூ 30 டாலருக்கு வாங்கினால் நல்ல இயந்திரத்திலும் ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் மட்டும் 20 சென்ட். எந்த ஏழை நாடும் இதைத் தாங்காது. ஆகவே தேவையில் பெரும்பகுதி நீண்ட கால ஒப்பந்தத்தில் இருக்கட்டும், சிறு பகுதி மட்டும் அன்றாட விலையில். சொந்த வயல் இருக்கும்போது இறக்குமதி முனையத்துக்கு அவசரப்படவும் வேண்டாம். தெமாவுக்கு 2021 ஜனவரியில் அப்படி ஒரு மிதக்கும் முனையம் வந்து சேர்ந்தது, வந்த பிறகு வேலையில்லாமல் நின்றது.

அணையோடும் வெயிலோடும் சேர்த்து ஓட்டுவது

எரிவாயு நிலையம் வந்துவிட்டது என்றால் தினசரி எப்படி ஓட்டுவது என்பதும் திட்டத்தில் சேர்த்தி. மின்வெட்டுக் காலத்தில் கானா அகோசோம்போ அணையிலிருந்து அளவுக்கு மீறித் தண்ணீரை எடுத்தது, 2015-இல் நீர்மட்டம் குறைந்தபட்ச இயக்க மட்டமான 240 அடிக்கும் கீழே போனது. ஒரு வருடக் குறையைச் சமாளிக்க அடுத்த வருடத்து நீரையும் செலவழித்துவிட்டார்கள். எரிவாயு ஒழுங்காக வரும் நாட்களில் கம்பைன்ட் சைக்கிளை நிற்காமல் ஓட்டி, அணை நீரை மாலை உச்ச நேரத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்து வைப்பதுதான் முறை. பகலில் சூரிய ஒளி மின்சாரம் பெருகப் பெருக, எரிவாயு நிலையம் பகலில் தணிந்து மாலையில் ஏற வேண்டியிருக்கும். அதனால் இன்று எழுதும் ஒப்பந்தத்திலேயே ஒரு நாளைக்கு எத்தனை முறை நிறுத்தித் தொடங்கலாம், குறைந்தபட்சம் எவ்வளவு சுமையில் ஓடலாம் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். குழாயிலும் வால்வுகளிலும் கசியும் மீத்தேனை வருடம் ஒருமுறையாவது கருவி வைத்து அளக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதுங்கள், ஏனென்றால் கசிவு அதிகமானால் நிலக்கரியை விட எரிவாயு சுத்தமானது என்ற வாதமே நிற்காது.